ரெமிஜியஸ் முன்வாசலில் ஏறினார்

"இந்த ஞாயிறும் போறோம்" என்றாள் பிரிஜெட்.

"லீனா விடமாட்டா" என்றார் ரெமிஜியஸ்.

"அவளை நான் பெத்தேனா, என்னை அவ பெத்தாளா?"

கேட்டுவிட்டாளே தவிர, பிரிஜெட்டுக்கும் பயம்தான். போன ஞாயிறு நடந்தது அப்படி.

பெங்களூர் மர்பி டவுனில் அவர்களைத் தெரியாதவர்கள் கிடையாது. பூசை முடிந்ததும் எலுமிச்சை சாதமும் தண்ணீர் பாட்டிலுமாகப் பஸ் பிடித்து ஊர் சுற்றக் கிளம்பிவிடும் ஜோடி. ஒரு வாரம் அல்சூர் ஏரிக்கரை, ஒரு வாரம் கப்பன் பார்க். அவருடைய பென்ஷனில் கட்டுப்படியாகிற சந்தோஷம் அது ஒன்றுதான். சர்க்கரை வியாதியில் கண் போய், ரெமிஜியஸுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். பிரிஜெட்டுக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. வருகிற பஸ்ஸின் போர்டை அவள் படிப்பாள். அந்த உயரப் படியில் அவளை அவர் தூக்கி ஏற்றிவிடுவார். அப்புறம் பஸ்ஸின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டே பின்வாசலுக்கு ஓடுவார். பெங்களூர் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு முன்வாசல், ஆம்பளைகளுக்குப் பின்வாசல்.

போன ஞாயிறு கூட்டம் அதிகம். "நான் ஏறிக்கறேன், நீங்க பின்னாடி போங்க" என்று அவள்தான் வீம்பாகச் சொன்னாள். அவர் போய் ஏறிவிட்டார். அவளுக்குக் கால் எழும்பவில்லை. விசில் ஊதிவிட்டார்கள், பஸ் போய்விட்டது. உள்ளே அவரோ, "கார்ப்பரேஷன் ஸ்டாப் ரெண்டு. முன்னாடி வீட்டம்மா இருக்காங்க" என்று பெருமையாக இரண்டு டிக்கெட் வாங்கியிருக்கிறார். இறங்கி, பிளாட்பாரத்தில் நின்று, "பிரிஜெட், பிரிஜெட்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மூன்று மணி நேரம் கழித்து ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவைத்தார்.

மகள் லீனா பள்ளிக்கூட டீச்சர். தீர்ப்பு அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"ஆட்டோவுல போறதுன்னா போங்க. இல்லையா, வீட்டுல உக்காந்து டி.வி. பாருங்க."

"வாரா வாரம் ஆட்டோவா? டாடியோட மாத்திரைக்கு யாரு குடுப்பா?"

"அப்ப டி.வி. பாருங்க மம்மி."

மறுநாள், ரெமிஜியஸிடம் சொன்ன கையோடு பிரிஜெட் மகளிடம் போய் நின்றாள். "ஒரே ஒரு ஞாயிறு விடு. சேந்து போயி சேந்து வரோம். அதுல ஒரு சின்னத் தப்பு நடந்தாலும் அப்புறம் நான் வெளிய போற பேச்சையே எடுக்க மாட்டேன்."

"மாதா மேல சத்தியமா?"

"சத்தியம்."

அந்த வாரம் முழுக்க பிரிஜெட் இதையே யோசித்தாள். வெங்காயம் உரிக்கும்போது யோசித்தாள், ஜெபமாலை சொல்லும்போதும் யோசித்தாள். கோளாறு கண்ணிலும் இல்லை, முழங்காலிலும் இல்லை. அந்த இரண்டு வாசலில்தான் இருக்கிறது.

ஞாயிறு காலை, ஸ்டாப்பில் நின்றபோதுதான் அவரிடம் சொன்னாள்.

"இன்னிக்கு நீங்களும் முன்வாசல்லதான் ஏறணும்."

"நானா? பொம்பளைங்க வாசல்லயா?"

"நீங்க மொதல்ல ஏறி என் கையப் பிடிச்சு இழுங்க."

"போடி. முப்பது வருஷம் டியூட்டிக்குப் பின்னாடி ஏறிப் போனவன் நான். பாக்கிறவன் இன்னா சொல்லுவான்?"

"பாக்கிறவன உங்களுக்குத் தெரியவா போவுது?"

அவர் சிரிக்கவில்லை. பஸ் வந்தது. பழக்கதோஷமோ, கூச்சமோ, அவள் கையை உதறிவிட்டுப் பஸ்ஸைத் தடவிக்கொண்டு பின்னால் போயே போய்விட்டார். பிரிஜெட் கைத்தடியால் பஸ்ஸின் தகரத்தில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"நிறுத்து! நிறுத்துப்பா! என் புருசன எறக்கி விட்டுட்டுப் போ!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ரெமிஜியஸ் இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

"மானத்த வாங்கிட்டியே."

"மானம் வேணுமா, கப்பன் பார்க் வேணுமா? ஒண்ணச் சொல்லுங்க. மானம்னா இப்பவே வீட்டுக்குப் போயிடலாம். இனிமே டி.வி.தான். அதுவும் நீங்க கேக்கத்தான் முடியும்."

அவர் கையை நீட்டினார். "படி எங்கன்னு மட்டும் சொல்லு."

அடுத்த பஸ்ஸில் அவர் முன்வாசல் கம்பியைப் பிடித்து ஏறினார். மேலே நின்று குனிந்து அவளைத் தூக்கினார். மூச்சு வாங்க அவள் உள்ளே வந்து விழுவதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார்.

"ஹிந்தே ஹோகி சார், இது லேடீஸ். பின்னாடி போங்க."

"போகமாட்டாரு" என்றாள் பிரிஜெட். "இவருக்குக் கண்ணு தெரியாது, எனக்குக் காலு வராது. ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு ஆளு."

"அப்ப ஒரு டிக்கெட்தான் வாங்கப்போறியாம்மா?" என்றாள் ஜன்னலோரம் பூக்கூடையோடு இருந்தவள். பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு.

"ரெண்டு டிக்கெட் வாங்கறேன், ரெண்டு வாசல்ல ஏற முடியாது. உங்க ரூல்ஸ்ல கண்ணு தெரியாதவன் பொண்டாட்டி எங்க நிக்கணும்னு எழுதியிருந்தா காட்டுங்க, எறங்கிக்கறேன்."

கண்டக்டர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ரெமிஜியஸின் கை மனைவியின் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்திருந்தது. விசிலை வாயில் வைத்தவர் ஊதவில்லை. "மொதல்ல உக்காரட்டும்" என்று கன்னடத்தில் டிரைவருக்குக் குரல் கொடுத்தார்.

பூக்காரி கூடையை மடியில் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். "வாங்கய்யா, கடிச்சிட மாட்டேன்."

பூக்காரிக்கும் பிரிஜெட்டுக்கும் நடுவில் ரெமிஜியஸ் கல்யாண மாப்பிள்ளைபோல விறைப்பாக உட்கார்ந்து வந்தார். மல்லிகை வாசனை ஆளைத் தூக்கியது. எம்.ஜி. ரோடு தாண்டும்போது மெல்லக் கேட்டார். "இங்க காத்து நல்லா வருதே. இத்தன வருஷமும் எங்களப் பின்னாடி வேகவச்சிட்டு, நீங்க இப்படித்தான் சொகமா வந்தீங்களா?"

கப்பன் பார்க் மூங்கில் நிழலில் மூன்று மணி வரை இருந்தார்கள். திரும்பும்போதும் முன்வாசல்தான். அந்தப் பஸ்ஸின் கண்டக்டரும் முணுமுணுத்தார், பிரிஜெட் அவரைவிடச் சத்தமாக முணுமுணுத்தாள். பஸ் கிளம்பிவிட்டது.

லீனா வாசலிலேயே நின்றாள். இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆட்டோவுலயா வந்தீங்க?"

"பஸ்ல" என்றார் ரெமிஜியஸ். "முன்வாசல்ல ஏறி, முன்வாசல்லயே எறங்கினோம்."

"டாடி! பொம்பளைங்க யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாங்க. அப்புறம் எடம் குடுத்தாங்க."

லீனா செருப்பைக் கழற்ற அம்மாவுக்குக் குனிந்து உதவினாள்.

"அடுத்த வாரம் லால்பாக். ரெண்டு பஸ் மாறணும்" என்றாள் பிரிஜெட்.

"எந்த பஸ், எத்தன மணின்னாவது எழுதி வச்சிட்டுப் போங்க மம்மி."

"எழுதி வச்சா தேடிக்கிட்டு வருவ. வராத."