கேட்பதற்கு ஒரு வார்த்தை

கொளஞ்சியம்மாள் பேசி முடித்ததும் அத்தனை பேரும் சத்யப்ரியாவின் வாயைப் பார்த்தார்கள்.

"வாய்க்கா தூந்து போச்சு. தண்ணி வந்தாத்தான் பாத்தி, பாத்தி ஓடினாத்தான் எங்களுக்கு வேல. மிசின் வச்சி வெட்டிக் குடுக்கச் சொல்லி கேக்கறோம்னு அந்தம்மாகிட்ட சொல்லும்மா."

அந்தம்மா என்றது ஹெலனை. சுனாமி அலை அடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மீனவர் குப்பங்களுக்குப் படகும் வலையும் கொடுக்க வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு நிவாரணக் குழுவின் பொறுப்பாளர் அவர். மரக்காணத்து உப்பளத்துக்கு அதுவரை ஒருவரும் வரவில்லை. ஆளைப் பறிகொடுத்த குப்பங்களுக்கு முன்னால், மணலும் சேறும் வாரிப் போட்டு மூடிய ஒரு வாய்க்காலைப் பற்றிப் பேச உப்பளத்துப் பெண்களுக்கே கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தையெல்லாம் விழுங்கிவிட்டுத்தான் கொளஞ்சியம்மாள் இன்று வாயைத் திறந்திருந்தாள்.

சத்யப்ரியா கிளியனூர்க்காரி. பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றதும் வந்து சேர்ந்திருந்தாள். கல்லூரியில் கற்றதைவிட நூலகத்தில் இங்கிலீஷ் பேப்பர் படித்துக் கற்றதுதான் அவளுக்கு அதிகம். அந்தப் பேப்பரில் பஸ் வேண்டுமென்றாலும் குடிதண்ணீர் வேண்டுமென்றாலும், ஊர் கூடிக் கேட்பது எப்போதும் 'டிமாண்ட்'தான். பத்துப் பெண்கள் சேர்ந்து கேட்கும்போது அதைவிடப் பொருத்தமான சொல் எது? 'தே ஆர் டிமாண்டிங்' என்று தெளிவாகவே ஆரம்பித்தாள்.

ஹெலனின் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு சட்டென்று வற்றிவிட்டது. என்னால் எந்த வாக்குறுதியும் தர முடியாது, சொல்லிவிடு என்றார். வாங்கி வைத்த கோலி சோடாவைத் தொடாமல் எழுந்தார்.

ஜீப் பொம்மையார்பாளையம் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தார். "அவர்களுக்கு என்மேல் ஏன் அவ்வளவு கோபம்?"

சத்யப்ரியாவுக்குப் புரியவில்லை. "கோபமா? அவர்கள் உங்களுக்காக சோடா வாங்கி வைத்திருந்தார்களே, மேடம்."

அன்று சாயங்காலம் வீட்டில் அகராதியை விரித்தாள். டிமாண்ட், கேள். ரெக்வெஸ்ட், கேள். ஆஸ்க், கேள். பெக் என்பதற்கும் வேண்டிக் கேள். அத்தனை சொல்லும் ஒரே வாசலில் வந்து நின்றன. ஆனால் ஒன்று கையை ஓங்கிக்கொண்டும் ஒன்று கையைக் கட்டிக்கொண்டும் அல்லவா வந்திருக்கிறது? அம்மாவிடம் காசு கேட்கும்போது ஒரு குரல், ஆபீசரிடம் கேட்கும்போது ஒரு குரல்; தமிழில் குரலை மாற்றினால் போதும், இவர்கள் சொல்லையே மாற்றுகிறார்கள் போலிருக்கிறது. அவளுக்குப் பயம் போய், அதில் ஒரு ருசி தட்டியது. 'பை', 'பர்ச்சேஸ்'. 'ஹெல்ப்', 'அசிஸ்ட்'. 'ஸாரி', 'ரிக்ரெட்'. ஒவ்வொன்றையும் ஹெலனின் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்து அம்மா திட்டியது அவள் காதில் விழவேயில்லை.

இன்னொரு தடவை மட்டும் வந்து பார்க்கும்படி ஹெலனிடம் மன்றாடினாள். அடுத்த வாரம் அவர் வந்தார். கொளஞ்சியம்மாள் போன தடவை சொன்னதையே அப்படியே சொன்னாள். இந்த முறை சத்யப்ரியா உஷாராக இருந்தாள். பணிவு குறைந்துவிடக் கூடாதென்று, 'தே பெக் யூ' என்றாள், குரலையும் தாழ்த்தி.

கொளஞ்சியம்மாள் தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை உருவித் தோளில் போட்டாள்.

"இரும்மா. இப்ப இன்னா சொன்ன நீ? பெக்கா?"

"அக்கா, அது வந்து..."

"பாண்டி பீச்சுல கருவாடு விக்கப் போனப்ப ஒருத்தன் என்னப் பாத்து பெக்கரு, போ போன்னு வெரட்டினான். அந்த பெக்குதானே இது? நாங்க பிச்சையா கேக்கறோம்?"

பெண்கள் முணுமுணுத்தார்கள். ஒருத்தி எழுந்தேவிட்டாள். ஹெலன் ஒன்றும் விளங்காமல் இவளையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். சத்யப்ரியாவுக்குக் காது இரண்டும் சுட்டது. வாய்க்கால் போனால் இவர்களுக்கு இந்த வருஷ வேலையே போயிற்று. இரண்டு தடவையும் அதைக் கெடுத்தது தன் வாய்தான்.

"எம்மேலதான் தப்புக்கா. மொத தடவ அதட்டற மாரி சொல்லிட்டேன். அத சரி பண்ணப் போயி இப்ப கெஞ்சற மாரி ஆயிடுச்சி."

கொளஞ்சியம்மாள் அவளையே பார்த்தாள். கோபம் கொஞ்சம் இறங்கி, அந்த இடத்தில் ஏதோ ஆவல் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

"ஏம்மா, அதட்டறதுக்கும் கெஞ்சறதுக்கும் நடுவுல ஒரு வார்த்த கெடையாதா உங்க இங்கிலீசுல?"

சத்யப்ரியா தேடினாள். 'ரெக்வெஸ்ட்' நாக்கு வரைக்கும் வந்தது. அது லீவ் லெட்டரில் வரும் சொல். அதற்கு இஸ்திரி போட்ட சட்டை வேண்டும். அதற்கும் அடியில், இரண்டாம் வகுப்பில் படித்து, சின்னப் பிள்ளைப் பேச்சென்று இத்தனை நாளும் அவள் தொடாமல் விட்டிருந்த ஒன்று கிடந்தது.

"ஆஸ்க்" என்றாள்.

"அவ்ளோ சின்னதா?"

"அவ்ளோதான்க்கா."

கொளஞ்சியம்மாள் அதை வாய்க்குள் ஒருமுறை உருட்டினாள். பிறகு ஹெலனுக்கு நேராகத் திரும்பி, தன் நெஞ்சைத் தொட்டு, "ஆஸ்க்கு" என்றாள். கையை நீட்டி வாய்க்கால் இருந்த திசையைக் காட்டினாள்.

நடந்தது முழுவதையும் சத்யப்ரியா ஒளிக்காமல் ஹெலனுக்குச் சொன்னாள். பேப்பரில் படித்தது, அகராதி, பாண்டி பீச் எல்லாவற்றையும். ஹெலன் கொளஞ்சியம்மாள் பக்கம் திரும்பினார். பிறகு, "தமிழில் அவர் என்ன சொல் சொன்னார்?" என்றார்.

"கேக்கறோம். காதால் கேட்பதற்கும் அதே சொல்தான், மேடம்."

"இரண்டுக்குமா?"

"இரண்டுக்கும்."

ஹெலன் செருப்பைக் கழற்றினார். பணம் வருமா என்று தனக்குத் தெரியாது, ஆனால் வாய்க்காலைப் பார்க்க வேண்டும் என்றார். வெயில் ஏறிய வரப்பில் எல்லாரும் வரிசையாக நடந்தார்கள். வாய்க்கால் முனையில் ஹெலனின் கால் முழங்கால் வரை சேற்றில் புதைந்தது. கொளஞ்சியம்மாள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மறு கையைச் சேற்றுக்குள் விட்டாள். மணிக்கட்டு மறைந்தது, முழங்கை மறைந்தது, தோள்வரை போயும் வாய்க்காலின் தரை தட்டவில்லை. கன்னம் சேற்றில் உரச, அப்படியே தலையைச் சாய்த்து ஹெலனை நிமிர்ந்து பார்த்தாள். சத்யப்ரியா பேச வாயெடுத்தாள். ஹெலன் அவளைப் பார்க்காமலே கையமர்த்திவிட்டு, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு குனிந்தார்.