ஒருமுழப் பேருந்து

ஐப்பசி மழை விடியுமுன் பெய்து ஓய்ந்திருந்தது. அண்ணாமலையின் முடி முகிலுள் மறைந்திருக்க, அதன் இடுப்பில் மட்டும் இளவெயில் மஞ்சள் பூசிக் கிடக்க, நாற்றிசைக் கோபுரங்களும் நனைந்த மேனியோடு நின்று உலர, தேரடித் தெருவில் பூக்கூடைகளும் மிதிவண்டிகளும் மாடுகளும் ஒன்றையொன்று ஒதுக்கி ஊர்ந்துகொண்டிருந்த காலைப்போதில், செங்கம் சாலையை ஒட்டிய சந்தொன்றின் ஓட்டு வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, வெள்ளையம்மாள் என்பாள் ஒரு பேருந்தின் பின்புறத்தில் புகைக்கறை படியவைத்துக் கொண்டிருந்தாள். வியக்காதீர்கள், என் அன்புக்குரியவர்களே. அப்பேருந்தின் நீளம் ஒரு முழமே. அஃது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டு.

விளக்கின் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, அதை விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் தீற்றினாள். திருமண அழைப்பிதழ்களின் தடித்த அட்டையை வெட்டி உடலாக்கி, முறிந்த குடைக்கம்பிகளை வளைத்து அடிச்சட்டமாக்கி, தேய்ந்த செருப்பின் ரப்பரை வட்டமாய் அறுத்துச் சுட்ட ஊசியால் வரிகீறி உருளிகளாக்கி, மாத்திரை அட்டையின் குமிழ்களை முகப்பு விளக்குகளின் கண்ணாடியாகவும், தன் நெற்றிக்கு வைத்திருந்த சிவப்பு ஒட்டுப்பொட்டுகளைப் பின்விளக்குகளாகவும் பதித்து, எழுதித் தீர்ந்த பேனாவின் மைக்குழலில் வளையல் துண்டைச் செருகி ஓட்டுவளையமும் சமைத்திருந்தாள். செம்மண்ணை மெல்லிய துணியில் சலித்து முகப்பூச்சு மாவோடு கலந்து பக்கங்களில் ஊத, கீழ்பென்னாத்தூர்ச் சாலைப் புழுதி அப்படியே வந்து படிந்தது. காப்பி வடிநீரைத் துளித்துளியாய் வைக்க, துருவும் பிடித்தது. கூரையைத் தூக்கினால் உள்ளே இருக்கைகளெல்லாம் தெரியும்.

பக்கத்து வீட்டு ஆராயி வாயிலில் நின்று எட்டிப் பார்த்தாள். "இன்னா வெள்ளையம்மா, பஸ்ஸு எப்போ பொறப்படும்? எனக்கு சன்னலோரமா ஒரு சீட்டு போட்டு வை."

"நீ ஏறுனா டயரு வெடிச்சிடும், போக்கா" என்றாள் இவள், தலை நிமிராமலே.

நகையாடிய வாய் நகையாடட்டும். அவ்விளையாட்டுப் பொருளின்மீது ஒரு குடும்பத்தின் வாழ்வே ஏறி அமர்ந்திருந்தது. அவள் கணவன் இருசப்பன் பதினாறு ஆண்டுகள் தனியார் பேருந்து ஓட்டியவன். ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, வேங்கிக்கால் தாண்டிய வளைவில், இடப்புறத்திலிருந்து சாலையேறிய பால்காரர் ஒருவரின் மிதிவண்டிமேல் அவன் வண்டி மோத, அம்மனிதர் ஒரு காலை இழந்தார். பிரேக்கை மிதித்தும் பிடிக்கவில்லை என்றான் இருசப்பன். பிரேக்கை இழுக்கும் தடைக்கோலின் ஆணி தேய்ந்து விழுந்துபோக, முதலாளி அவ்விடத்தைக் கம்பியால் சுற்றிக் கட்டி ஓட்டச் சொல்லியிருந்தார் என்றான். முதலாளியோ வண்டியைப் பத்தே நாளில் பழுதுபார்த்து, வேறு வண்ணம் அடித்து, வெளியூருக்கு விற்றுவிட்டார். காட்டுவதற்கு வண்டி இல்லை. உரிமம் பறிபோனால் வேறு தொழில் அறியாதவன் இருசப்பன். ஆகவே, இல்லாத வண்டியை இருப்பதாக்கி விசாரணை அதிகாரியின் மேசைமேல் வைக்கத் துணிந்தாள் அவன் மனைவி.

முதலில், "பொம்மைய காட்டி கேஸு ஜெயிக்கிற மூஞ்சிய பாரு" என்று எள்ளியவன், பின்னர் தானே தரையில் கவிழ்ந்து படுத்து, "இந்தக் கோலு இன்னும் கொஞ்சம் பின்னால வரணும், வெள்ள" என்று சொல்லத் தொடங்கினான். ஊக்கின் கம்பியை அவன் சொன்ன இடத்தில் சொன்னபடியே சுற்றினாள் அவள்.

இறுதியாக, இனிப்புப் பெட்டியின் பச்சைத்தாளைக் கத்தரித்து, ஈர்க்கில் சுற்றி, இரண்டு வாழைக்கன்றுகள் செய்து முகப்பின் இருபுறமும் கட்டினாள். பூசையன்று வண்டிக்குக் கட்டிய கன்றுகளை வாடும்வரை அவிழ்ப்பது இவ்வூரில் வழக்கமில்லை.

"அது எதுக்கு, வெள்ள?" என்றான் இருசப்பன்.

"அன்னிக்கி இருந்தாப்பலயே இருக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் எல்லாமே பொய்யின்னுடுவாங்க."

அவன் எழுந்து வாயிலுக்குப் போனான். அவ்வாழையைப்பற்றி அதுவரை எவரும், எந்த வாக்குமூலத்திலும், ஒரு சொல்லும் சொன்னதில்லை.

வேங்கிக்காலில், போக்குவரத்து அலுவலகத்தில் விசாரணை நடந்த அறையில், சிறுபேருந்தை மூடியிருந்த துணியை விலக்கியதும் எழுத்தர்கள் எழுந்து வந்து சூழ்ந்தனர். அதிகாரியும் வியந்து, "யாரும்மா செஞ்சது? அப்படியே இருக்குதே!" என்றார். வெள்ளையம்மாளின் முகம் மலர்ந்தது. அடிப்புறத்தைத் திருப்பிக் கம்பி சுற்றிய இடத்தைக் காட்டினாள்.

முதலாளியின் வழக்கறிஞர் மென்மையாகக் கேட்டார். "நீங்க பஸ்ஸுக்கு அடியில படுத்து இத பாத்தீங்களாம்மா?"

"இல்லீங்க. எங்க வூட்டுக்காரரு சொன்னாரு."

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். பின்பு கூரையைத் தூக்கி, குனிந்து, ஒரு கண்ணை மூடி, மறுகண்ணை ஓட்டுநர் இருக்கையின் உயரத்தில் வைத்து முன்னே நோக்கினார். நெடுநேரம் நோக்கினார். "இடது பக்கம் ஒண்ணுமே தெரியலையே. இந்த வாழை இவ்வளவு பெருசாவா இருந்துது?"

செய்தொழிலில் குறை கண்டுவிட்டாரோ என்று துணுக்குற்ற அப்பேதை, உண்மையைக் காக்க விரைந்தாள். "இதே அளவுதாங்க! எங்க தோட்டத்து வாழ, நானே வெட்டி நானே கட்டனது. ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல."

"இது நீங்க கண்ணால பாத்தது, இல்லீங்களா?" என்றார் வழக்கறிஞர்.

"ஆமாங்க" என்ற பிறகே, கணவன் தன்னைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பதைக் கண்டாள்.

கேட்டறிந்த ஆணி கேள்வியாகவே நின்றுவிட, கண்டறிந்த வாழை சான்றாகிவிட்டது. பார்வையை மறைத்து வண்டி ஓட்டினான் என்று எழுதப்பட்டது, உரிமம் நீக்கப்பட்டது, சிறுபேருந்து சான்றுப்பொருளாக எண்ணிடப்பட்டு அலமாரிக்குள் சென்றது. முதலாளி வெளியே வந்து, "கைத்தொழில் பிரமாதம்மா" என்று மனமாரப் பாராட்டிச் சென்றார்.

திரும்பும் வழியில் இருவரும் பேருந்தின் பின்னிருக்கையில் அமர்ந்தனர். வெறுங்கைகளை மடியில் வைத்திருந்தாள் அவள். அவன் திட்டியிருந்தால் அழுதிருப்பாள். அவனோ, பேருந்து ஏரியைக் கடந்ததும், யாரிடமோ கேட்பவன்போலக் கேட்டான்.

"நான் அந்த ஆள பாத்தேனா, வெள்ள? பாத்தாதான மிதிச்சிருப்பேன். மிதிச்சேன்னுதான் இத்தினி நாளா நெனச்சினு இருந்தேன். இப்ப எனக்கே தெரியல."

"மிதிச்சீங்க. நீங்கதான சொன்னீங்க."

"சொன்னேன்" என்றான் அவன்.

அன்புடையீர், உரிமம் போனதை அவள் காலப்போக்கில் தாங்கிக்கொண்டாள். அவனும் மூட்டை தூக்கப் பழகிக்கொண்டான். தாங்க முடியாதது வேறொன்று. பிறர் நம்பாவிடினும் தன்னைத் தான் நம்பியிருந்த ஒரு மனிதனிடமிருந்து, அந்த ஒரே உடைமையையும், அவனை உயிரினும் மேலாக நேசித்த கைகளே, இம்மியும் பிசகாமல், மிக்க அழகாகப் பறித்துவிட்டன. அக்கைகள் அதன்பின் எதையும் செய்யவில்லை.