தக்சாயினியின் தொட்டி

கதவைத் திறந்ததும் காடி நெடி மூக்கில் அறைந்தது. யதுசன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

உள்ளே இருந்த வைன் தொட்டி அவனுடைய மனைவி தக்சாயினியுடையது. புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ஆர் என்ற ஆற்றுக்கு மேலே, ஆடுகூடக் கால் வைக்க யோசிக்கும் சரிவில், கரிய பலகைக்கல்லுக்கு நடுவே சில வரிசைத் திராட்சைக் கொடிகளைக் குத்தகைக்கு எடுத்து முதுகொடிய வளர்த்தாள். இந்த வருடம்தான் முதல் சிவப்பு வைன். பழங்களை நசித்துத் தொட்டியில் விட்ட மறுநாள் அவள் தலைக்குள் ஒரு நரம்பு வெடித்தது; அன்றே போய்விட்டாள்.

சாறு புளிக்கும்போது தோல்கள் மேலே கிளம்பி அடையாகக் கட்டும். காலையும் மாலையும் அதைக் குத்தி அமிழ்த்த வேண்டும். விட்டால் காற்றுப் பட்டுக் காடியாகும். யதுசனுக்கு அது தெரியும். தெரிந்தும், சாவீட்டுத் துடக்கு, வெளியே போகக் கூடாது என்று வீட்டிலேயே கிடந்தான். இன்று அவளுக்கு எட்டுச்செலவு, எட்டாம் நாள் படையல்.

பின்னால் பேனாட் வந்தார். பக்கத்து வைன் கூடத்தில் வேலை செய்பவர், பாசையூர்க் கத்தோலிக்கர்.

"நீ வந்து குத்திப்போட்டுப் போறாய் எண்டெல்லோ நினைச்சன். எங்கட கத்தோலிக்கச் சனத்துக்கு ஏது துடக்கு? இவ்வளவு படிச்சனி, உனக்குமோ?"

"மாமி போகவேண்டாம் எண்டா. நல்லதாப் போச்சு எண்டு படுத்திட்டன், அண்ணை. எழும்பேலாமல் கிடந்தது."

இருவருமாக மேல் அடையை வாரி வெளியே கொட்டினார்கள். பேனாட் அடிக்குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் பிடித்து, வாயில் வைத்துத் துப்பினார்.

"சொல்லுங்கோ."

"மேலை பழுதாப் போட்டுது. கீழை சொல்லேலாது. இப்பவே பிழிஞ்சு பீப்பாயிலை விட்டால், மே மாதம் தெரியும்."

"மேயோ?"

"ஓம். அதுவரைக்கும் கிழமைக்குக் கிழமை வந்து பாக்கவேணும். நீதான். என்னைப் பாக்காதை, எனக்கு என்ர வேலையே தலைக்கு மேலை."

யதுசனுக்கு இன்று பின்னேரத்தையே கற்பனை செய்ய முடியவில்லை. இவர் மே மாதம் என்கிறார்.

"என்னாலை ஏலாது, அண்ணை."

"அப்ப ஊத்து. கிடந்து நாறவிடாதை."

அவன் குழாயை முழுதாகத் திறந்துவிட்டான். சிவப்பு பாய்ந்து, தரை வழியே வடிகாலைத் தேடி ஓடியது. இரண்டு ஆண்டுகள் அவள் குனிந்து குனிந்து வளர்த்தது. யதுசன் சட்டென்று சப்பாத்துக் காலைக் குறுக்கே வைத்து மறித்தான். அது காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. மற்றக் காலையும் வைத்தான்.

"விசரா, குழாயைப் பூட்டடா!" என்று கத்தினார் பேனாட்.

பூட்டினான். அப்போது தொலைபேசி அடித்தது. மாமி, தக்சாயினியின் தாய்.

"தம்பி, வாழையிலை வாங்கப் போன ஆள் எங்கை? சனம் வந்திட்டுது. அவளுக்குப் படைக்க வேண்டாமே?"

"கடதாசித் தட்டிலை படையுங்கோ, மாமி."

"என்ன கதை இது? நீங்கள் வரேல்லையோ?"

"நான் வர இருட்டும்," என்றான் யதுசன். வாளியை எடுத்துத் தோலும் சாறுமாக மொண்டு, பிழியும் கூடைக்குள் ஊற்றினான்.