மூன்றாவது நிமிடத்தில் கிடைத்த பந்து

கடைசிக் குழி. நாலே முறை அடித்துப் பந்தை உள்ளே போட்டுவிட்டால், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கான தொழில்முறை கோல்ஃப் பந்தயங்களில் அடுத்த வருடமும் மர்டோ கில்லாண்டர்ஸுக்கு இடம் உண்டு. ஐந்தானால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஐம்பத்தெட்டு வயதில் வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. வேறு எந்த வேலையும் அவர் கற்றுக்கொண்டதில்லை.

முதல் அடியைக் காற்று கெடுத்தது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரைக் காற்றுக்கு வயசாளிகள் மேல் இரக்கமெல்லாம் கிடையாது. பந்து வலப்பக்கம் வளைந்து, மணல்மேட்டோரம் முழங்கால் உயரப் புல்லுக்குள் விழுந்தது.

தேட மூன்று நிமிடம்தான். கிடைக்காவிட்டால் ஒரு அடி தண்டத்தோடு திரும்பிப் போய் முதலிலிருந்து அடிக்க வேண்டும். மர்டோ புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தார். அவருடைய மட்டைப் பையைத் தூக்கிவரும் மனைவி ஐலா ஒரு பக்கம் தேடினாள். கூட ஆடும் அயர்லாந்துக்காரர் டெஸ்மண்ட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் குனிந்தார்.

"யோவ் மர்டோ, பந்தா, ஆட்டுக்குட்டியா, எதத் தொலைச்சே? ரெண்டு நிமிஷம் ஆச்சு."

"வாய மூடிட்டுத் தேடுய்யா."

மர்டோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டெஸ்மண்ட் கடிகாரத்தைப் பார்த்து வாயைத் திறக்கும் நேரத்தில் ஐலாவின் குரல் கேட்டது.

"இந்தா இருக்கு, கிழவா!"

அவர் எப்போதும் ஆடும் ரகம், மேலே அச்சிட்ட எண்ணும் அவருடைய மூன்றுதான். வேறு நாளாக இருந்தால் குனிந்து தன் அடையாளத்தையும் பார்த்திருப்பார். இன்று போன உயிர் திரும்பி வந்த அவசரம். ஓங்கி அடித்தார். பந்து குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய பச்சைத் தரையில் இறங்கி, குழிக்கு ஏழடி தள்ளி நின்றது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

பந்து இருந்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு நாணயத்தை வைத்துவிட்டு, துடைப்பதற்காகப் பந்தைக் கையில் எடுத்தார். வழக்கமான வேலைதான். தினமும் காலையில் தன் பந்துகளில் இரண்டு பச்சைப் புள்ளி வைப்பார். இதில் புள்ளி இல்லை. புத்தம் புதுப் பந்து. புள்ளி வைக்காமல் மிச்சம் விட்ட பந்துகள் பையின் பக்கவாட்டு உறையில் இருந்தன. அதில் கைவைக்கக்கூடியவள் ஐலா ஒருத்திதான்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

இன்னும் இரண்டு தட்டு தட்டினால் போதும். யாருக்கும் தெரியாது. அந்த இடம் வேண்டும் என்று அவர் மனசு கதறியது. அப்படிக் கதறியதே அவருக்கு அவமானமாக இருந்தது.

"டெஸ்மண்ட், நான் அடிச்சது என் பந்து இல்ல."

"என்னய்யா உளர்ற?" டெஸ்மண்ட் பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐலாதானே கண்டுபிடிச்சா?"

"எவனோ விட்டுட்டுப் போன பந்து. அவளுக்கு என்ன தெரியும்? அடிச்சவன் நான், பார்க்க வேண்டியவனும் நான்."

நாற்பது வருட ஆட்டத்தில் அவர் சொன்ன முதல் பொய் அதுதான்.

தப்பான பந்துக்கு இரண்டு அடி தண்டம், தொலைந்த பந்துக்கு இன்னொன்று. எல்லாம் முடிந்தது. கைதட்டிய அதே ஜனங்கள் பார்த்திருக்க, அவர் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி நடந்தார். ஐலா பையோடு பின்னால் ஓடிவந்தாள்.

"எனக்கு வேற வழி தெரியல, மர்டோ. போன குளிர்காலம் பூரா அடுப்படி ஜன்னல்கிட்ட உக்காந்து உன் கையவே பார்த்துட்டு இருந்தியே. இன்னொரு தடவ அத என்னால பார்க்க முடியாது."

அவர் புள்ளி வைத்த பந்து ஒன்றை எடுத்தார். பந்தை வைத்து அடித்தார். அன்றைக்கு அவர் அடித்ததிலேயே நேரான அடி அதுதான். நடுமைதானத்தில் போய் அழகாக உட்கார்ந்தது.

"பையக் குடு," என்றார். "நான் தூக்கிக்கிறேன்."

"மாட்டேன்," என்றாள் ஐலா. மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு பையைத் தோளில் ஏற்றினாள். "நீ இன்னும் ஆடி முடிக்கல."