அரை மாத்திரை இடம்

எங்கள் ஊரில் பத்து வருடத்துக்கு ஒருமுறை சர்வேயர் வந்து ஒவ்வொருவர் தலைக்குள்ளும் போய் அளப்பார். ஆனி பிறந்ததும் வருவார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு இடது காது வழியாக நுழைவார். வெளியே வர வலது காது. இதில் விளக்க ஒன்றுமில்லை.

சங்கிலி போட்டு அளப்பதில்லை, வலிக்கும். தலைக்குள் ஒவ்வோர் அறையிலும் ஒரு சொல் கிடக்கும். சர்வேயர் ஒரு சுவரோரம் நின்று அந்தச் சொல்லைச் சொல்வார். அது எதிர்ச்சுவரைத் தொட எத்தனை மாத்திரை என்று குறித்துக்கொள்வார். இலக்கண மாத்திரையைச் சொல்கிறேன். ஒரு கண்ணிமைப் பொழுது. விழுங்குகிற மாத்திரை வேறு. அதுவும் பின்னால் வரும். குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் பின்னறையில் கிடக்கிற சொல் 'மரகதம்'. என் மனைவி. நாலரை மாத்திரை. கல்யாணமான நாளிலிருந்து கூடவுமில்லை, குறையவுமில்லை. நடு அறையில் கிடப்பது 'பூட்டு'. மூன்று மாத்திரை. போன முறை அளந்தபோது அது பாட்டுக்குச் சும்மா கிடந்தது.

அதற்குப் பிறகுதான் தொல்லை. வாசற்கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்க்க வேண்டும். பார்த்தபின் இன்னொரு முறை. பூட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியும், நடு அறைக்குத் தெரியாது. முப்பது, நாற்பது முறை இழுப்பேன். மரகதம் எட்டு வருடமாகக் குற்றாலத்துக்குக் கிளம்புகிறாள். எட்டு சீசனும் நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே பத்து இருபது பஸ் போய்விட்டது. பெட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைப்பாள். அன்றைக்கு ரசம் மட்டும் கொஞ்சம் காரமாக இருக்கும்.

போன வருடம் டாக்டர் ரெஜினா மாத்திரை கொடுத்தார். தை மாதம் அரை மாத்திரை கூட்டினார். நாலு இழுப்புக்கு வந்து நின்றது. இந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றிருந்தேன். மரகதம் திங்கட்கிழமையே பெட்டி கட்டிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சர்வேயர் தாணுமாலயன் வந்தார். ஊருக்குப் புதுசு. முக்கால் மணி நேரம் கழித்து வலது காது வழியாக இறங்கி, முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார்.

"அண்ணாச்சி, நடு ரூம் மூணரை இருக்கு. பழைய ரிஜிஸ்தர்ல மூணுதான்."

"இருந்துட்டுப் போகுது."

"அப்படி விட முடியாதுல்லா. அரை மாத்திரை எங்கேயிருந்து வந்துச்சுன்னு எழுதணும்."

படிவத்தில் இரண்டே கட்டம். 'நோயால் விரிந்தது', 'மருந்தால் விரிந்தது'. ஒன்றை அடித்துவிட வேண்டும். நோயால் என்றால் சுவரை இடித்துப் பழைய இடத்தில் கட்டுவார்கள். மூன்று மாதம் தலையை ஆட்டக்கூடாது. மருந்தால் என்றால் மருந்தை நிறுத்துவார்கள். எது என்று தெரியும்வரை மருந்துக்குச் சீல். தாணுமாலயன் என் மாத்திரை டப்பாவைத் துணியில் சுற்றி அரக்கு வைத்தார். நன்றாகத்தான் வைத்தார். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

புதன்கிழமை பால் வாங்கக் கிளம்பினேன். பத்தொன்பது இழுப்பு.

பாலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு டாக்டரிடம் போனேன். அவர் படிவத்தை வாசித்துவிட்டு மேஜையைத் திறந்து அதே மாதிரிப் பதினோரு படிவத்தைக் காட்டினார். அவரிடம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடு அறை விரிந்திருக்கிறதாம். அதே நோய் இருந்தும் மாத்திரையைத் தொடாதவர்களுக்கு அறை அப்படியே இருக்கிறதாம். அப்படியானால் மருந்துதான் என்றேன். அவசரப்படக்கூடாது என்றார். நோய் முற்றியவர்கள்தானே மாத்திரைக்கு வருகிறார்கள், அவர்களுக்கு முன்பே விரிந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அப்படியானால் நோய்தான் என்றேன். அதற்கும் அவசரப்படக்கூடாதாம்.

"நோய் வந்த அன்னைக்கு யாரும் உள்ள போய் அளக்கல. மாத்திரை ஆரம்பிச்ச அன்னைக்கும் அளக்கல. இப்ப அளந்துட்டு யாரு மேல சார் பழியப் போட? தெரியலைன்னு எழுத அதுல கட்டமும் இல்ல."

மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார். அரக்கு வைத்திருக்கிறதே என்றேன். அப்படியானால் அந்த ஆளை இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள் என்று பதினோரு படிவத்தையும் மேஜைக்குள் தள்ளினார்.

வியாழக்கிழமை காலை நாற்பத்திரண்டு இழுப்பு. உள்ளே வந்தபோது மரகதம் பெட்டியைத் திறந்து துண்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். குற்றாலத்துக்கென்று எட்டு வருடத்துக்கு முன் வாங்கிய துண்டு. கடைச் சீட்டு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. "உள்ளேயே இருக்கட்டும்" என்றேன். அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

தாணுமாலயனை வரவழைத்தேன். நடு அறைச் சொல்லை வெளியே கேட்கிற மாதிரிச் சொல்லும் என்றேன். உள்ளே போய்ச் சொன்னார். கேட்டேன். முப்பத்து நாலு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவன். ஒரு தடவை கேட்டால் போதும்.

"கடைசி எழுத்துக்கு உதட்டக் குவிக்கக் கூடாதுவே. குற்றியலுகரம். அதுக்கு அரை மாத்திரைதான்."

"நான் இங்கிலீஷ் மீடியம் அண்ணாச்சி" என்று தலைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"அதான் கேக்குதே."

பழைய சர்வேயர் உச்சரிப்புச் சுத்தமான ஆள். இவர் நாலு முறை தப்பாகவே சொன்னார். ஐந்தாவது முறை உதடு அடங்கியது. பூ இரண்டு, ட் அரை, டு அரை. மூன்று. சொல் மூன்றோடு நின்றது. சுவர்வரை போகவில்லை.

இறங்கி வந்தவர் ரிஜிஸ்தரைப் புரட்டினார். "ரூம் கூடித்தான் இருக்கு. சொல்லு கூடல. சொல்லுக்கும் சுவருக்கும் நடுவுல அரை மாத்திரை சும்மா கெடக்கு."

சும்மா கிடக்கிற இடம் புறம்போக்கு. அது எப்படி வந்தது என்று எழுத வேண்டியதில்லை. யார் புழங்குகிறார் என்று எழுதினால் போதும். தாணுமாலயன் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த இடத்தில் வைக்க ஒன்றும் இல்லை.

"என் பெட்டிய வைங்க" என்றாள் மரகதம். துண்டை மடித்து உள்ளே வைத்து மூடினாள்.

தாணுமாலயன் பெட்டியைச் சாய்த்து, இடது காது வழியாக ஏற்றினார். மூலை கொஞ்சம் உரசியது. புழங்குபவர் என்ற இடத்தில் மரகதம் என்று எழுதிவிட்டு அரக்கை உடைத்தார். மாத்திரையை விழுங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை பூட்டினேன். இழுத்தேன். இரண்டு நாள் மருந்து விட்டதை நடு அறை மறக்கவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. தெருமுனையில் பஸ் வந்து நின்றது. மரகதம் ஒரு காலைப் படிக்கட்டிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு நின்றாள். டிரைவர் என்னவோ சொன்னார். அவள் காலை எடுக்கவில்லை. பதினாலாவது இழுப்பில் நடு அறைச் சொல் ஓடிவந்து பெட்டியில் முட்டி நின்றது. அரைக் கண்ணிமைப் பொழுது. பூட்டிலிருந்து கையை எடுக்க அது போதும். எடுத்தேன்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தென்காசி தாண்டியதும், "பெட்டி கனக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

குற்றாலத்தில் அருவியைப் பூட்டியிருந்தார்கள். பெரிய பித்தளைப் பூட்டு. சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். நான் போய் இழுத்துப் பார்த்தேன். மூன்று முறை. நல்ல பூட்டு. ஒரு சொட்டுக் கசிவில்லை.

"பூட்டியிருக்கா?" என்றாள் மரகதம்.

"பூட்டியிருக்கு."

என் இடது காதுக்குள் கையை விட்டுத் துண்டை எடுத்தாள். கடைச் சீட்டைக் கிழித்தாள். சாவிக்காரர் வருமுன்பே இரண்டு பேரும் பூட்டிய அருவிக்குக் கீழே போய் நின்று குளித்தோம். தண்ணீர் நல்ல குளிர்ச்சி.