சாமி இல்லாத காலண்டர்

பெரம்பலூர்ப் பக்கத்தில் புது வருசத்துக்கு ஒரு வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கிறார்கள் என்றால் அது காலண்டருக்குத்தான். காலண்டர் என்றால் கீழே தேதிக் கட்டு, ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம், மேலே சாமி. கீழே இருக்கிற தேதியைக் கிழிக்க நாலு நாள் மறந்துபோவார்கள். மேலே இருக்கிற சாமிக்கு ஊதுபத்தி காட்ட மட்டும் மறக்க மாட்டார்கள். அந்தச் சாமியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தான் எடுத்த போட்டோவைப் போட வைத்தாளே ஆனி ரோஸ், என்ன துணிச்சல் பாருங்கள்!

ஆனால் அவளைத் தெரிந்தவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. வரதராஜன்பேட்டையில் பிறந்தவள், நாற்பத்தொரு வயது, பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் எலும்பைப் படம் எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் படம் எடுக்கக் கிளம்பிவிடுவாள். சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் தரங்கம்பாடி, தனுஷ்கோடி, கன்னியாகுமரி. மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், தாலி கட்டுகிற நேரத்தில் லாட்ஜ் மொட்டை மாடியில் நின்று ஊரை எடுத்துக்கொண்டிருந்தாள் என்று அவள் நாத்தனார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். "முகூர்த்தம் ஒன்றரை மணி நேரம் இருந்துச்சு, அந்த வெளிச்சம் அஞ்சே நிமிஷம்" என்பாள் ஆனி ரோஸ். கொஞ்சமும் கூச்சப்பட மாட்டாள்.

எடுத்த படங்கள் எல்லாம் போனுக்குள்தான் கிடந்தன. சொந்தக்காரர்கள் பார்த்து, 'சூப்பர் அக்கா' என்று போட்டுவிட்டு அடுத்ததைத் தள்ளிவிடுவார்கள். ஒரு வீட்டுச் சுவரில்கூட அவள் படம் ஒன்று தொங்கியதில்லை. அது அவளுக்கு உள்ளூர வலித்தது.

ராஜதுரை அந்த எக்ஸ்ரே ரூமுக்கு வந்தது மூட்டை அடுக்கிலிருந்து விழுந்து தோளில் அடிபட்டுக்கொண்டுதான். டவுனில் விதை, உரம், மாட்டுத் தீவனம் விற்கிற கடைக்காரர். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஆனி ரோஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் அவள் கம்ப்யூட்டர் திரையில் இருந்த படத்துக்குப் போய்விட்டது.

"இது எந்த ஊரு மேடம்? ஊட்டியா?"

"உங்க கடைக்கு வர்றவங்க ஊருதான் சார். குரும்பலூர் தாண்டி, பச்சைமலைக்கு முன்னாடி ஒரு குன்று இருக்குல்ல, அது மேல நின்னு எடுத்தது."

"நம்மூரா? அட, சும்மா சொல்லாதீங்க!"

கீழே ஓர் ஏரி. அதைச் சுற்றிக் கட்டம் கட்டமாக மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். மேலே பாதிப் படத்துக்கு வானம். அந்த வானத்துக்காகப் பதினோரு ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தக் குன்றில் ஏறி இறங்கியிருக்கிறாள். பத்து வாரம் ஒன்று வெளுத்துப்போன வானம், இல்லையென்றால் அடைமழை. சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிற அவள் கணவன் லூர்துராஜ் பத்து வாரமும் குடையோடு அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பதினோராவது வாரம் மழை விட்டு, கருமேகம் பிளந்து, அந்தப் பிளவு வழியாக வெளிச்சம் சரிந்து ஏரியில் விழுந்தது. "எப்பா, மேல வந்து பாரு!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஏதோ பாம்புதான் கடித்துவிட்டது என்று அவன் பதறியடித்து ஏறினான்.

ராஜதுரைக்கு வருசா வருசம் காலண்டர் ஒரு தலைவலி. முருகன் ஒரு கட்டு, மாதா ஒரு கட்டு, பள்ளிவாசல் ஒரு கட்டு என்று அடிப்பார். எது பத்தாமல் போகுமோ அதைத்தான் வருகிறவர்கள் கேட்பார்கள். ஒரே படம், எல்லாருக்கும் பொது, அதுவும் வாடிக்கைக்காரர் ஊரே! தோள்வலியை மறந்து அங்கேயே முடிவு செய்துவிட்டார். ஆனி ரோஸ் ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"படத்து மேல ஒரு எழுத்து வரக்கூடாது சார். கடைப் பேரெல்லாம் கீழ."

"ஒரு புள்ளிகூட வராது மேடம், போதுமா?"

மார்கழி பாதியில் காலண்டர் வந்தது. ஒன்றை விரித்து எக்ஸ்ரே ரூமில் மாட்டிவிட்டு, அன்றைக்கு வந்த நோயாளிகளை எல்லாம் வலிக்கிற இடத்தைக் காட்டுவதற்கு முன்னால் அதைப் பார்க்க வைத்தாள். ஆயிரம் வீட்டுச் சுவரில் தன் வானம்! இரண்டு நாள் அவள் கால் தரையில் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் ராஜதுரை போன் செய்தார்.

"மேடம், காலண்டர் திரும்பி வருது."

"டேமேஜா சார்?"

"சாமி இல்லியாம். நேத்து ஒரு இருபது, இன்னிக்கி இருபது. ராசியில்லாத காலண்டரைக் குடுத்துட்டேன்னு முகத்துக்கு நேராவே சொல்லிட்டுப் போறாங்க. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க, ஸ்டிக்கர் வாங்கிட்டேன். புள்ளையார் ஒண்ணு, மாதா ஒண்ணு, பாய்மாருக்கு எழுநூத்தி எம்பத்தாறு ஒண்ணு. நல்லா உள்ளங்கை அகலத்துக்கு. வானத்துல அவ்ளோ எடம் சும்மாத்தான கெடக்கு, அதுல ஒட்டிக் குடுத்துடலாம்."

சும்மா கிடக்கிறதாமே! ஆனி ரோஸுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. டியூட்டி முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். கல்லா மேசையில் மூன்று கட்டு ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது.

"ஒரு புள்ளிகூட வராதுன்னு சொன்னீங்களா இல்லியா சார்?"

"சொன்னேம்மா, இல்லேங்கல. நான் கடைக்காரன். வூட்ல மாட்டலேன்னா அப்புறம் அது என்ன காலண்டர்? நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது. மாதா அவளுக்கும் மாதாதான், தினமும் செபமாலை சொல்கிறவள்தான். அதற்காக வெளிச்சம் இறங்குகிற இடத்தில் போய் ஒட்டுவதா?

"சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. தெனம் சாயங்காலம் நானே வந்து நின்னு குடுக்கறேன். சனிக்கிழமை ஒரு காலண்டர் மிச்சம் இருந்தாலும் நீங்க ஒட்டுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"உங்க இஷ்டம்" என்று ராஜதுரை ஸ்டிக்கரை மேசை இழுப்பறையில் போட்டார். பூட்டவில்லை.

முதல் நாள் அவளிடம் வந்து மாட்டிக்கொண்டவள் பூங்காவனம். ஐம்பது வயது இருக்கும். களை எடுக்க, வெங்காயம் பிடுங்க என்று பெண்களைச் சேர்த்துக் கூட்டிப் போகிறவள். ஆட்டுக்குத் தவிடு வாங்க வந்திருந்தாள். ஆனி ரோஸ் காலண்டரை விரித்து, மேகம் எப்படிப் பிளந்தது, வெளிச்சம் எப்படி விழுந்தது, அதற்குப் பதினோரு வாரம் எப்படிக் காத்திருந்தாள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பூங்காவனம் மரியாதையாகக் கடைசி வரை கேட்டாள்.

"நல்லாருக்கும்மா. வெளிச்சம் எங்க வூட்டுக்கும் தெனம் வருது. சாமி போட்டது வந்தா சொல்லு" என்று தவிட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ராஜதுரை சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்தார்.

இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் கொளஞ்சி என்கிற விவசாயி சுருட்டிய காலண்டரோடு வந்தார். "அண்ணே, இத நீயே வெச்சுக்க. எங்க வூட்ல சண்டை" என்று மேசையில் போட்டார். ஆனி ரோஸுக்குப் பேசிப் பேசித் தொண்டை வறண்டிருந்தது. வெளிச்சம், மேகம் எல்லாம் விட்டுவிட்டாள்.

"உங்க கொல்லை எங்கண்ணே இருக்கு?" என்று வெடுக்கென்று கேட்டாள். கொல்லை என்றால் அந்தப் பக்கத்தில் விளைநிலம்.

"ஏரிக்குக் கெழக்கால. ஏன் மேடம்?"

"இந்தா ஏரி. கெழக்கால எங்கன்னு காட்டுங்க பாப்போம்."

கொளஞ்சி குனிந்தார். விரல் ஏரிக் கரையிலிருந்து கிளம்பியது. மதகு, வாய்க்கால், புளியமரம்... விரல் நின்றது. "யம்மாடி! மோட்டார் கொட்டாய் மேடம்! என் மோட்டார் கொட்டாய்!" என்று கத்தினார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது எங்கப்பா வெட்டுன கெணறு" என்றார். அப்புறம் ராஜதுரை பக்கம் திரும்பி, "அண்ணே, அத இப்படிக் குடு" என்று தான் போட்ட காலண்டரைத் தானே பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் கடையில் கால் வைக்க இடமில்லை. கொளஞ்சி ஊர் பூராவும் சொல்லிவிட்டார். திருப்பிக் கொடுத்தவர்கள் கேட்டு வாங்கினார்கள். கேட்டு வாங்கியவர்கள் மருமகனுக்கு ஒன்று, சம்பந்திக்கு ஒன்று என்று கை நீட்டினார்கள். பிச்சைமுத்து என்கிறவர் மட்டும் காலண்டரை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு கொளஞ்சியோடு மல்லுக்கு நின்றார்.

"இந்தக் கட்டம் என்னுதுய்யா. உன்னுது அந்தாண்ட."

"கண்ணு தெரியலன்னா சொல்லு, நம்ம மேடமே படம் எடுத்துச் சொல்லுவாங்க!"

ஆனி ரோஸ் நடுவில் நின்று பூரித்துப்போயிருந்தாள். அந்தப் பூரிப்பில்தான், கூட்டத்தை விலக்கிக்கொண்டு தவிடு வாங்க வந்த பூங்காவனத்தைப் பார்த்ததும், "யக்கா, வாங்க வாங்க! நீங்களும் உங்க கொல்லையக் காட்டுங்க!" என்று கூப்பிட்டுவிட்டாள்.

"எனக்கு ஏதும்மா கொல்லை?" என்றாள் பூங்காவனம்.

கோபமாகச் சொல்லவில்லை. விலை கேட்டால் சொல்வது மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனி ரோஸுக்குக் காது மடல் வரை சுட்டது. காணி வைத்திருப்பவனுக்குத்தான் இந்தப் படத்தில் இடம் என்று ஆக்கிவிட்டோமே, அடிப் பாவி, இவ்வளவுதானா உன் புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ராஜதுரை சத்தமில்லாமல் இழுப்பறையைத் திறந்து பிள்ளையார் ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்தார். "பூங்காவனத்துக்கு இத ஒட்டிக் குடுத்துடறேன் மேடம்" என்றார் மெதுவாக. ஆனி ரோஸ் தடுக்கவில்லை. ஒட்டட்டும், அந்த ஒன்றுக்கு மட்டுமாவது ஒட்டட்டும் என்றுதான் நினைத்தாள். ராஜதுரை ஸ்டிக்கரை வானத்துக்கு நேரே கொண்டுபோனார்.

"இருப்பா" என்றாள் பூங்காவனம்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது வானத்தை இல்லை. பிச்சைமுத்துவின் விரல் இருந்த இடத்தை.

"ரெண்டு பேரு சொல்றதும் தப்பு. அந்தக் கட்டம் சிந்தாமணி வூட்டுது. போன வருசம் எட்டு பேரு சேந்து களை எடுத்தோம், எனக்குத் தெரியாதா? கொளஞ்சிது அதுக்கு அடுத்தது, வரப்புல வேம்பு நிக்குது பாரு. பிச்சைமுத்து, உன்னுது வாய்க்காலுக்கு இந்தாண்ட. நீ கொல்லைக்கு வந்தாத்தான உனக்குத் தெரியும்!"

கடையே கொல்லென்று சிரித்தது. பூங்காவனம் தவிட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு வந்தாள். "இதுல பருத்தி எடுத்தேன். இதுல வெங்காயம் புடுங்கினேன், அந்த வருசம் வெல இல்லேன்னு அப்படியே கொட்டிட்டாங்க. இதுல சோளம் ஒடிச்சேன். இந்த ஏரி நூறு நாள் வேலையில நாங்க தூர் வாரினது..." விரல் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொருவரும் ஒரு கட்டத்தோடு நின்றுவிட்ட படத்தில் அவள் விரல் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை நிற்காமல் போனது.

முடித்துவிட்டு நிமிர்ந்து, ராஜதுரை கையிலிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். "அது வேணாம். இத இப்படியே குடு" என்றாள்.

சனிக்கிழமை ஒரு காலண்டர்கூட மிச்சமில்லை. ஸ்டிக்கரை ராஜதுரை தன் தராசில் ஒன்று, பைக்கில் ஒன்று என்று ஒட்டித் தீர்த்தார்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஆனி ரோஸ் கேமராவோடு அந்த ஊருக்கே போனாள். தன் படம் சுவரில் தொங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கொளஞ்சி வீட்டில் நடுக்கூடத்திலேயே மாட்டியிருந்தார்கள். மாட்டுக்கு, டிராக்டருக்கு, மோட்டாருக்கு எல்லாம் பொட்டு வைத்த கையோடு, படத்தில் அவர் கொல்லை மேலும் சந்தனம் வைத்து ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். ஒரு புள்ளிகூட வரக்கூடாது என்று கறாராகப் பேசியவள், அதைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றாள். பிச்சைமுத்து வீட்டிலும் ஒரு பொட்டு. வாய்க்காலுக்கு இந்தாண்ட, சரியான கட்டத்தில்.

பூங்காவனத்தின் வீடு ஊர்க் கடைசியில், ஒற்றை ரூம் தொகுப்பு வீடு. கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் காலண்டர். ஆனி ரோஸ் கிட்டே போய்ப் பார்த்தாள். மக்காச்சோளம் தெரியவில்லை, பருத்தி தெரியவில்லை, ஏரியே தெரியவில்லை. கட்டத்துக்குக் கட்டம், கரைக்குக் கரை, படத்தின் கீழ்ப் பாதி முழுக்கக் குங்குமம். மேல் பாதியில் மேகம் பிளந்து வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, அவள் எடுத்தது எடுத்தபடி.

"கோவிச்சுக்காத கண்ணு, நெடுக வெச்சிட்டேன்" என்றாள் பூங்காவனம், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே. "மேல மட்டும் வெக்கல. அங்க நான் வேலைக்குப் போனதில்ல."