கிடைத்த இடம்: ஒரு தென்னந்தோப்பு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு நான் நாயகனாக வைத்திருந்தது ஒரு சிற்றுண்ணி, சிலந்திக்குத் தூரத்து உறவு. மண்ணுக்குள் வாழ்வது, கடுகில் கால்வாசிகூட இல்லாதது. சாய்ப்ரியா என்கிற ஆராய்ச்சி மாணவி, கோவையில் ஒரு பேக்கரியில் டீ குடிக்கும்போது அதன் படத்தைப் போனில் காட்டினாள். பளபளக்கும் பழுப்பு முதுகு, எட்டுக் கால். “உலகத்துல இதுக்கு இன்னும் பேரே இல்லைங்க” என்றாள். பேரில்லாத ஒன்று கண்ணில் பட்டால் எழுதுகிறவனுக்குக் கை சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்ததும் தொடங்கினேன்.

‘அடர்ந்த இருளில் அது மெல்லக் கண் விழித்தபோது’

கண் கிடையாதாம். காதும் கிடையாதாம். சாய்ப்ரியா சிரித்த சிரிப்பில் பேனாவை மூடிவிட்டேன். அந்த அரை வாக்கியம் அங்கேயே கிடக்கட்டும், எனக்குக் கொஞ்சம் அடக்கம் வரும்.

2

ஆகவே சாய்ப்ரியாவே நாயகி. பீளமேட்டில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிற குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். பெண் பம்புசெட்டைத் தொடாமல் மண்ணைச் சல்லடை போட்டுக்கொண்டிருக்கிறாளே என்று அப்பாவுக்கு ஆற்றாமை.

அவள் செய்வது இவ்வளவுதான். தென்னந்தோப்பில் உதிர்ந்த மட்டைக்கு அடியில் இருக்கும் மண்ணை அள்ளி வந்து ஒரு புனலில் கொட்டுவாள். மேலே பல்பை எரியவிடுவாள். சூடு தாங்காமல் உள்ளே இருப்பவை எல்லாம் கீழே இறங்கி ஆல்கஹால் புட்டிக்குள் விழும். அப்படி விழுந்த ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்து முதுகு மயிர்களை எண்ணியவள், எந்தப் புத்தகத்திலும் இல்லாத கணக்கு வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

[இங்கே கொல்லாமல் பெயர் வைக்க முடியாதா என்று ஒரு பத்தி தத்துவம் இருந்தது. எடுத்துவிட்டேன். படித்தால் எனக்கே கொட்டாவி வந்தது.]

புது உயிரினம் என்று அறிவிக்க ஒரு கட்டுரை எழுத வேண்டும். நீளம், நிறம், மயிர், கால் எல்லாம் வரும். கூடவே ‘கிடைத்த இடம்’ என்று ஒரு வரி.* அது இல்லாமல் எந்த ஆய்விதழும் வாங்காது.

* சந்தேகப்படுகிறவன் அதே மண்ணுக்குப் போய்த் தோண்டிப் பார்க்க வேண்டுமே, அதற்காக. கதை எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

3

தோப்பு நாச்சியம்மாளுடையது. அங்கேயே தென்னங்கன்று நர்சரியும் வைத்திருக்கிறார். சோறு போடுவது அந்தக் கன்றுகள்தான். முதல் வரைவில் அவரைச் சிடுசிடுப்பானவராக எழுதியிருந்தேன். அபாண்டம். சாய்ப்ரியா முதன்முதலில் போனபோதே, “மண்ணுதானுங்க அம்மணி, வேணுங்கற மட்டும் அள்ளிக்குங்க” என்று இளநீர் வெட்டிக் கொடுத்தவர் அவர்.

சாய்ப்ரியா மைசூர்பாகு டப்பாவோடு போய், சிலந்தி மாதிரி ஒரு புது உயிர் உங்கள் மண்ணில் கிடைத்திருக்கிறது என்று நல்ல செய்தியைச் சொன்னாள். நாச்சியம்மாளின் முகம் விழுந்துவிட்டது.

“எங்க தோப்புல சிலந்தியாங்க அம்மணி?”

கோவைப் பக்கத்துத் தோப்புக்காரர்களிடம் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். பல வருடங்களுக்கு முன் ஈரியோபைட் என்று ஒரு சிலந்திப்பேன் வந்து தோப்புத் தோப்பாகக் காய்களைச் சூம்ப வைத்தது.

“இது அந்த ஜாதி இல்லைங்கக்கா. அதுக்கு நாலு காலு, இதுக்கு எட்டு.”

“அப்ப அதுக்கு ரெண்டு மடங்குங்களா?”

“இல்லைங்கக்கா, இது மட்குனதத்தான் திங்கும். மண்ணுக்கு நல்லதுங்க.”

“தென்னைய ஒண்ணும் பண்ணாதுல்ல?”

‘பண்ணாது’ என்ற ஒரு சொல் போதும். திரும்பத் திரும்ப அதைச் சாய்ப்ரியாவின் வாயில் வைத்துப் பார்த்தேன். துப்பிவிட்டாள்.

“நாங்க பார்த்த வரைக்கும் பண்ணலைங்க.”

“அப்பவும் மொதல்ல இப்படித்தான் சொன்னாங்க கண்ணு. அப்பறம் காயெல்லாம் கட்டவெரலாட்டம் சூம்பிப்போச்சு. எங்க தோப்புப் பேர எழுதிப்போடாதீங்க. எழுதிப்போட்டீங்கன்னா ஒருத்தரும் கன்னு எடுக்க வரமாட்டாங்க.”

டப்பா பிரிக்கப்படாமல் கட்டிலில் இருந்தது. திரும்பும் பஸ்ஸில் சாய்ப்ரியாவுக்கு அழுகை வந்தது. இத்தனை வருடப் படிப்பில் அவளுக்கென்று கிடைத்தது இது ஒன்றுதான். கேட்காமல் கட்டுரையை அனுப்பினால் தடுக்க ஆளில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

4

முடிவுகள்.

(அ) நாச்சியம்மாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, “அழகா இருக்குதுங்களே!” என்று சம்மதிக்கிறார். எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. அழகைப் பார்த்ததும் பிழைப்பை விட்டுக்கொடுப்பார்களா என்ன?

(ஆ) சாய்ப்ரியா ரகசியமாக அனுப்பிவிடுகிறாள். படித்துவிட்டு, “இது நான் இல்லைங்க” என்று திருப்பிக் கொடுத்தாள்.

(இ) அவளால் முடியாததை நான் செய்தேன். தோப்பைச் சத்தியமங்கலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கதைதானே, யார் கேட்கப் போகிறார்கள்? நாச்சியம்மாள் நிம்மதியாகட்டும் என்று சாய்ப்ரியா அதை அவருக்குப் படித்துக் காட்டினாள்.

5

மறுநாள் போன் வந்தது.

“ஏனுங்க, கதை எழுதறவருங்களா? நாச்சியம்மா பேசறனுங்க.”

“சொல்லுங்கம்மா. உங்க ஊரு பேரு வராதுங்க, மாத்திட்டேன்.”

“கேட்டனுங்க. சத்தியமங்கலம்னு போட்டிருக்கறீங்களாமா?”

“ஆமாங்க.”

“ஏனுங்க, அங்க கன்னு விக்கறவங்க இல்லைங்களா?”

பவானி, சோமனூர் என்று மனசு அவசரமாக ஊர் தேடியது. எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அங்கே ஒரு தோப்பு இருக்கும், அதை நம்பி ஒரு வீடு இருக்கும். இல்லாத ஊர் ஒன்றைக் கட்டலாம். என் கதைக்கு அது போதும், சாய்ப்ரியாவின் கட்டுரைக்கு ஆகாது.

“நான் வேண்டாம்னா இன்னொருத்தரு தலைல உழுகுதுங்க,” என்றார் நாச்சியம்மாள். “ராத்திரி பூரா இதே ரோசனை. அந்தப் புள்ளைய நாளைக்கு ஊட்டுக்கு வரச்சொல்லுங்க.”

“சரின்னு சொல்லப் போறீங்களா?”

“வரச்சொல்லுங்க” என்று வைத்துவிட்டார்.

6

சாய்ப்ரியா இப்போது பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறாள். என்னையும் கூப்பிட்டாள். நான் போகவில்லை. போனால் நாச்சியம்மாள் வாயைத் திறப்பதற்குள் நானே ஒரு பதிலை எழுதிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அது மட்டுமில்லை. கன்று எடுக்க ஆள் வருமா என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை, சாய்ப்ரியாவிடமும் இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஒரு தென்னை வைக்கலாம் என்று நினைக்கிறீர்கள். அந்தத் தோப்பின் பெயரைக் கட்டுரையில் படித்தும்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லுங்கள், அங்கே போய்க் கன்று வாங்குவீர்களா?